தாள் எண்ணிக்கையும் ஆள் எண்ணிக்கையும்

(கம்பம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முல்லைப் பெரியாற்று நீர் பாய்ந்து நெல்லும் திராட்சையும் விளையும் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கிலே நின்றுகொண்டு, இன்று நான் கணக்கைப் பற்றிப் பேசப் போகிறேன். நீரைப் பற்றிப் பேசலாம், நெல்லைப் பற்றிப் பேசலாம், எண்ணைப் பற்றியா பேசுவது என்று சிலர் எண்ணக்கூடும். எண்ணத்தான் வேண்டும், தோழர்களே! ஆட்சியாளர் எதை எண்ணுகிறார்கள், எதை எண்ணாமல் விடுகிறார்கள் என்று நாம் எண்ணிப் பார்க்காத நாளெல்லாம், ஏழையின் வாழ்வு ஏட்டின் ஓரத்திலே மங்கிக் கிடக்கும்.

பொழுது விடியுமுன் இந்த ஊர்ச் சாலைகளிலே ஜீப்புகள் நிற்கக் காண்கிறீர்கள். கம்பமெட்டு வழியாகவும், குமுளி வழியாகவும், அப்பால் போடிமெட்டு வழியாகவும் ஏலத்தோட்டங்களுக்கு ஏறிச் செல்கிறார்கள் நம் உழைப்பாளிப் பெண்கள். மாலையிலே இறங்கி வருகிறார்கள். நாளொன்றுக்கு இருமுறை மாநில எல்லையைக் கடக்கிறார்கள். தங்குவதற்கு அனுமதி எங்கே என்று அவர்களைக் கேட்பாருண்டா? இல்லை. கேட்கவும் இயலாது. குடிமக்கள் நாட்டின் எப்பகுதிக்கும் செல்லலாம், எப்பகுதியிலும் குடியிருக்கலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு உரிமை தந்திருக்கிறது.

அதே மாவட்டத்திலே, நம்மைப்போலவே தமிழ் பேசி, நம் பிள்ளைகளோடு பள்ளியிலே படித்து, நம்மோடு கூலி வேலைக்கு வரும் இன்னொரு கூட்டத்தார் இருக்கிறார்கள். தேனி மாவட்டத்தின் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலே வாழ்வோர் அவர்கள். மலையேறும் நம் தங்கைக்கு வேண்டாத அனுமதி, முகாமிலே பிறந்து முகாமிலே வளர்ந்த அந்தத் தங்கைக்கு வேண்டும். இருப்பதற்குப் பதிவு வேண்டும். வெளியூர் சென்று தங்குவதற்கு இசைவு வேண்டும். அவர்களை அரசு எப்படி எண்ணுகிறது? அதுதான் இன்றைய பேச்சு.

2021 ஆகஸ்ட் 27 அன்று சட்டமன்றத்திலே, முதலமைச்சராக மு.க. ஸ்டாலின் ஓர் அறிவிப்பைப் படித்தார். ரூ.317.40 கோடி மதிப்பிலான நலத்திட்டங்கள் அவ்வறிவிப்பிலே இருந்தன. கணக்கும் இருந்தது. 1983 முதல் தமிழகம் வந்த இலங்கைத் தமிழர் 3,04,269 பேர். 108 முகாம்களிலே 18,944 குடும்பங்கள், 58,822 பேர். முகாமுக்கு வெளியே, காவல் நிலையங்களிலே பதிந்துகொண்டு வாழ்வோர் 13,540 குடும்பங்கள், 34,087 பேர். கடைசி இலக்கம் வரை தெளிவான எண்கள்! ஆனால் எண் தெளிவாக இருப்பது ஒன்று. எதை எண்ணினோம் என்பது தெளிவாக இருப்பது வேறொன்று.

எப்படித் திரட்டப்படுகிறது இக்கணக்கு? முகாமிலே வாழ்வோர் கணக்கு வருவாய்த்துறையின் வழியாக மேலே செல்கிறது. குடும்பம் குடும்பமாகப் பதிவேடு. மாதந்தோறும் வழங்கும் பணக்கொடைக்கு ஒரு பட்டியல். குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவருக்கு 1,000, பிள்ளைக்கு 500 என்று 2021இல் உயர்த்தப்பட்ட கொடை அது. அப்பட்டியல் கூடிக் கூடி மறுவாழ்வு ஆணையரகம் செல்கிறது. முகாமுக்கு வெளியே வாழ்வோர் கணக்கோ காவல் நிலையத்திலே பிறக்கிறது. பாஸ்போர்ட்டும் விசாவும் கொண்டு வந்து நெடுநாள் தங்குவோர் கணக்கு மூன்றாவது ஏட்டிலே இருக்கிறது. அவர்களுக்குத் தங்கும் அனுமதி வழங்குபவர் அயல்நாட்டார் பதிவு அலுவலர். மாவட்டங்களிலே காவல்துறைக் கண்காணிப்பாளரே அப்பொறுப்பை வகிக்கிறார்.

ஆக, மூன்று ஏடுகள்! ஒன்று பணம் கொடுப்பதற்காக வைத்த ஏடு. ஒன்று கண்காணிப்பதற்காக வைத்த ஏடு. ஒன்று கெடு முடிந்ததா என்று பார்ப்பதற்காக வைத்த ஏடு. மனிதரை எண்ணுவதற்கென்று வைத்த ஏடு இவற்றிலே ஒன்றுமில்லை. அலுவலகம் தன் அன்றாட வேலைக்கு எழுதி வைத்த தாள்களைக் கூட்டினார்கள். கூட்டி வந்த தொகைக்கு மக்கள்தொகை என்று பெயரிட்டார்கள்.

நான் நாடகக்காரன். நாடகக் கொட்டகைக் கணக்கைக் கொண்டே இதை விளக்குவேன். டிக்கெட் விற்ற கணக்கு ஒன்று உண்டு. உள்ளே உட்கார்ந்திருப்போர் கணக்கு ஒன்று உண்டு. முதற்காட்சி பார்த்துவிட்டு இடைவேளையிலே வெளியே போனவர், மீண்டும் டிக்கெட் வாங்கி வந்தால், விற்பனைக் கணக்கிலே அவர் இரண்டு. நாற்காலியிலே அவர் ஒன்று. தாய் மடியிலே தூங்கும் குழந்தை நாற்காலிக் கணக்கிலும் இல்லை, டிக்கெட் கணக்கிலும் இல்லை. வாயிற்படிக் கணக்கையும் நாற்காலிக் கணக்கையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மீதிப் பேர் எங்கே என்று கேட்டால், கொட்டகைக்காரர் சிரிப்பார்.

கழித்துப் பார்ப்போம், தோழர்களே! வந்தவர் 3,04,269 என்பது வாயிற்படிக் கணக்கு. 1995 மார்ச் வரை இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டோர் 99,469 பேர் என்கிறது மைய உள்துறையின் ஆண்டறிக்கை. கழித்தால் மிஞ்சுவோர் 2,04,800. ஆனால் 2021இல் முகாமிலும் வெளியிலும் எண்ணப்பட்டோர் மொத்தம் 92,909. இடையிலே 1,11,891 பேர் எங்கே? தாமாகத் திரும்பியவர் உண்டு. வேறு நாடு சென்றவர் உண்டு. இம்மண்ணிலேயே கண்மூடியவர் உண்டு. 1987 உடன்பாட்டுக்குப் பின் ஊர் திரும்பி, 1990இல் மீண்டும் போர் மூண்டதும் மறுபடியும் கடல் கடந்து வந்தவர் உண்டு. அவர் ஒருவரே வாயிற்படிக் கணக்கிலே இருவராக நிற்கக்கூடும். அதற்கும் மேலாக, அந்த 92,909 பேரிலே கடலையே கடக்காதவர்கள் இருக்கிறார்கள். இங்கே பிறந்த பிள்ளைகள்! வந்தவர் கணக்கிலே அவர்கள் இல்லை, ஏனெனில் எங்கிருந்தும் அவர்கள் வரவில்லை. இருப்பவர் கணக்கிலே இருக்கிறார்கள், அயலார் என்னும் பெயரோடு! இத்தனை வகையினரையும் பிரித்துக் காட்டும் ஒரு பத்தி அந்த மூன்று எண்களிலே உண்டா? இல்லை.

கணக்குத்தானே, பிழை இருந்தால் இருக்கட்டுமே என்பீர்களோ? இருக்கட்டும் என்று விட இயலாத காலம் வந்துவிட்டது. 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டார் சட்டத்தையும் அதனோடு இணைந்த பழஞ்சட்டங்களையும் நீக்கிவிட்டு, 2025 செப்டம்பர் 1 முதல் குடிநுழைவு மற்றும் அயல்நாட்டார் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அத்துடன் ஒரு விலக்கு ஆணையும் வந்தது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவிலே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாமைக்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு. வரவேற்கத்தக்கதே. ஆனால் ஊன்றிக் கவனியுங்கள்: பதிவு செய்துகொண்ட! ஏட்டிலே பெயர் இருப்பவர் நிம்மதியாக உறங்கலாம். ஏட்டிலிருந்து விடுபட்டவர்? புள்ளிவிவரத்தின் எல்லைக்கோடு சட்டத்தின் எல்லைக்கோடாக மாறிவிட்டது. எழுத்தர் விட்ட பெயர் வெறும் எழுத்துப் பிழையல்ல. அது ஒரு குடும்பத்தின் தலையெழுத்து.

அந்த விலக்கும் குடியுரிமை ஆகாது. அகதி என்ற சொல்லுக்கு இந்தியச் சட்டத்திலே இடமில்லை; 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலே இந்தியா கையெழுத்திடவில்லை. ஒரு ஏட்டிலே மறுவாழ்வு முகாம்வாசி, மற்றோர் ஏட்டிலே அயல்நாட்டார், குடியுரிமைச் சட்டத்தின் கண்ணிலே சட்டவிரோதக் குடியேறி. ஆள் ஒருவர், பெயர் மூன்று! 2019இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளின் பெயரை எழுதினார்கள். இலங்கையின் பெயரை எழுதவில்லை.

பிறந்த தேதி ஒன்றே ஒரு வாழ்வை மாற்றுகிறது என்பதற்கும் சான்று உண்டு. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணிலே பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பால் இந்தியக் குடிமகன் என்கிறது சட்டம். 1986இல் மண்டபம் முகாமிலே பிறந்த ஒரு பெண், அயலார் பட்டியலிலேயே எண்ணப்பட்டு வந்தார். வழக்குத் தொடுத்தார். 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்கு இந்தியப் பாஸ்போர்ட் வழங்க ஆணையிட்டது. 2024 நாடாளுமன்றத் தேர்தலிலே அவர் வாக்களித்தார். பிறந்த நாள் முதல் குடிமகளாக இருந்தவரை, ஏறத்தாழ 36 ஆண்டுக் காலம் அயலார் என்று எண்ணிக்கொண்டிருந்தது ஏடு! பிறந்த தேதிக்கென்று அந்த ஏட்டிலே தனிப் பத்தி வைத்து யாரேனும் கூட்டிப் பார்த்திருந்தால், நீதிமன்றப் படி ஏறியிருக்க வேண்டுமா?

எண்ணை முதலிலே எழுதிவிட்டு மனிதரைப் பின்னாலே தேடும் வழக்கம் நம் தமிழருக்குப் புதிதன்று. அன்றைய மதுரை, இராமநாதபுரம், திருச்சி மாவட்டங்களிலிருந்து கண்டிச் சீமைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் முன்னோர் கழுத்திலே, தோட்டத்தின் எண் பொறித்த தகர டிக்கெட்டைத் தொங்கவிட்டார்கள். தேயிலைச் செல்வத்தை உருவாக்கியவருக்கு, தீவு விடுதலை பெற்றதும் கிடைத்த பட்டம் கள்ளத்தோணி! 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ எட்டேகால் லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. அங்கேயே வாழ்ந்தோம் என்று காட்ட ஆவணம் கேட்டார்கள். லயத்து அறையிலே பிறந்தவனிடம் ஆவணம் ஏது?

1964 அக்டோபர் 30 அன்று லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்டனர். நாடற்றோர் ஏறத்தாழ 9,75,000 என்றது ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்வோம் என்றது. அந்த மீதியையும் 1974இல் இந்திரா காந்தி காலத்திலே ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிளந்தார்கள். பாகப்பிரிவினையிலே பாத்திரங்களைக்கூட எடுத்துப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். இங்கே யார் எந்தப் பங்கிலே என்று எவரும் அறியுமுன் பங்கு பிரிந்துவிட்டது. அந்த 9,75,000இலே சட்டவிரோதமாகக் குடியேறியோரும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்போரும் சேர்க்கப்படவில்லை என்று ஒப்பந்தமே சொன்னது. ஒப்பந்தம் ஒதுக்கிய அளவுக்கு இந்தியா வர மக்கள் விண்ணப்பிக்கவில்லை. இருக்க விரும்பினோரோ ஒதுக்கிய அளவைத் தாண்டினர். இந்தியக் குடியுரிமை பெற்ற பின்னும் தோட்டத்திலேயே தங்கிவிட்டோர் பல்லாயிரவர். 2003ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை நீடித்தது அந்த முடிச்சு.

வேறு நாடுகளிலே எப்படி என்று கேட்பீர்கள். நம் இனத்தார் பாரிசிலும் ஜெர்மனியிலும் வாழ்கிறார்களே, அங்கே எப்படி எண்ணுகிறார்கள்? ஐரோப்பிய ஒன்றியத்துக்கு யூரோஸ்டாட் என்றொரு புள்ளியியல் அலுவலகம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டு இயற்றிய 862ஆம் எண் ஒழுங்குமுறைப்படி, ஒவ்வொரு நாடும் தான் வழங்கிய தங்கும் அனுமதிகளின் கணக்கை அதற்கு அனுப்புகிறது. ஓராண்டிலே புதிதாக வழங்கியது தனி; டிசம்பர் 31 அன்று நடப்பிலே உள்ளது தனி. குடும்பமா, கல்வியா, வேலையா, பிறவா என்று காரணம் தனி. ஒருவரின் பழைய அனுமதி முடிந்து, ஆறு மாதமோ அதற்கு மேலோ இடைவெளி விட்டுப் புதியது தொடங்கினால், அதை மீண்டும் முதல் அனுமதியாகவே கொள்வோம் என்று விதியையும் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

அங்கே குறையில்லை என்று சொல்ல வரவில்லை. அவர்கள் எண்ணுவதும் தாளைத்தான். தாளில்லாத தமிழன் அங்கேயும் அந்த அட்டவணையிலே இல்லை. ஆனால் நாங்கள் எண்ணியது தாளை என்று அட்டவணையோடு சேர்த்துச் சொல்கிறார்கள். படிப்பவன் ஏமாறமாட்டான். அந்த நேர்மையைத்தான் நாம் இங்கே கேட்கிறோம்.

ஆகவே நமது கோரிக்கை மூன்று. வந்தவர் கணக்கு வேறு, இருப்பவர் கணக்கு வேறு, இங்கே பிறந்தவர் கணக்கு வேறு என்று பிரித்து வெளியிடுக! எந்த ஏட்டிலிருந்து எந்த நாளில் எடுத்தது என்று ஒவ்வோர் எண்ணின் கீழும் எழுதுக! பட்டியலிலிருந்து ஒரு பெயரை நீக்கினால், காரணத்தை அந்தக் குடும்பத்துக்கு எழுத்திலே கொடுத்து, முறையிட வழியும் காட்டுக! இவற்றுக்குக் கோடிகள் வேண்டியதில்லை. கோடு போட்ட தாளில் மேலும் சில பத்திகள் போதும்.

அரசைக் கேட்டுவிட்டு நாம் சும்மா இருக்கலாமா? கூடாது. உத்தமபாளையத்திலிருந்து ஆண்டிபட்டி வரை உள்ள கழகத் தோழர்கள், தத்தம் ஊருக்கு அருகிலுள்ள முகாமுக்குச் செல்லுங்கள். கொடியோடு அல்ல, குறிப்பேட்டோடு செல்லுங்கள். பிறப்புச் சான்று இல்லாத பிள்ளைக்குச் சான்று பெற்றுத் தாருங்கள். 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர் எவரேனும் உண்டா என்று விசாரியுங்கள். இருந்தால் வழக்கறிஞரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2015 ஜனவரி 9க்கு முன் வந்தவரின் பதிவுச் சான்று பத்திரமாக இருக்கிறதா, பெயரும் தேதியும் பிழையின்றி இருக்கின்றனவா என்று உடனிருந்து பாருங்கள். மலைநாட்டு வழியினர் என்றால், பாட்டன் வைத்திருந்த பழைய தாள் எதுவாயினும் பெட்டியைத் திறந்து தேடச் சொல்லுங்கள். தாளைக் கேட்டே நம் தமிழரைத் தள்ளி வைத்தார்கள். அதே தாளைத் தேடி எடுத்து நாம் அவர்களை உள்ளே அழைத்து வருவோம்.

வாக்குரிமை இல்லாதவருக்கு இவ்வளவு உழைப்பா என்று கேட்பவர் சிலர் இருக்கக்கூடும். வாக்கு இருக்கும் இடத்துக்கு மட்டும் செல்வது தேர்தல் வேலை. வாக்கே இல்லாத இடத்துக்குச் செல்வதுதான் இயக்க வேலை. 92,909 என்று சட்டமன்றத்திலே படித்த கணக்கின் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு முகம் இருக்கிறது, ஒரு பெயர் இருக்கிறது. எண்ணை ஏடு சொல்லிவிட்டது. பெயரை நாம் சென்று கேட்போம்.