சாம்பல் நிற மிதிவண்டி

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் கவிதை குறித்துப் பேசுமாறு நம் செயலாளர் என்னைப் பணித்தார். அதற்குத் தகுதி உடையோர் இவ்வவையில் பலர் இருக்கிறார்கள். ஆகவே, சென்ற ஆண்டு நான் செய்துமுடித்த ஒரு சைக்கிளைப் பற்றிப் பேச இசைவு கேட்டேன். முதலில் சிரித்தார், பிறகு இசைந்தார். அந்தச் சிரிப்பின் காரணம் எனக்கும் தெரியும். தேவாலாவில் சைக்கிளா? நாடுகாணியிலிருந்து பந்தலூர் வரை மேடும் வளைவும் சேறும் நிறைந்த சாலை இது. எங்கள் ஊரில் சைக்கிளைப் பற்றி ஒரு சொலவடை உண்டு: ஏறும்போது மூச்சு இல்லை, இறங்கும்போது பிரேக் இல்லை.

இரும்புக்கும் எங்கள் ஊருக்கும் பழைய உறவு உண்டு. 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இம்மலைகளில் பொன் புதைந்து கிடக்கிறது என்ற பேச்சு லண்டன் வரை பரவிற்று. கம்பெனிகள் முளைத்தன, பங்குகள் விற்றன, பாறையை இடித்துத் தூளாக்கும் பொறிகள் மலையேறி வந்தன. இரண்டு மூன்று ஆண்டுகளில் கனவு கலைந்தது. ஆட்கள் திரும்பிப் போனார்கள். கொண்டுவந்த இரும்பில் ஒரு பகுதி காட்டிலேயே துருவேறிக் கிடந்தது. பிறர் விட்டுச் சென்ற இரும்பைப் பார்த்து வளர்ந்த ஊர் எங்கள் ஊர். என் வீட்டு விறகுக் கொட்டகையிலும் அப்படி ஒரு துண்டு இரும்பு கிடந்தது. அது என் தந்தையாரின் ஹெர்குலிஸ் சைக்கிள்.

என் தந்தையார் இலங்கை மலையகத்தில் ஒரு தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். பச்சைக் கொழுந்தையும் உர மூட்டைகளையும் இழுத்துச் சென்ற சாம்பல் நிற ஃபெர்குசன் டிராக்டர் அது. 1964 அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. அந்த எண்ணிக்கையில் நாங்கள் நால்வர். 1974-இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, தேவாலாவுக்கு வந்து சேர்ந்தோம். அப்போது எனக்கு எட்டு வயது.

இங்கே தந்தையாருக்குக் கிடைத்தது ஒரு தோட்டத்தில் களை வெட்டும் வேலை. டிராக்டர் ஓட்டத் தெரியும் என்று அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். நான்கு ஆண்டுகள் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் கூடலூர் சென்று ஹெர்குலிஸ் வாங்கி வந்தார். அதில் அவர் ஏறிப் போனதைவிடத் தள்ளிக்கொண்டு போனதே மிகுதி. ஆயினும் ஞாயிற்றுக்கிழமை தோறும் அதை நிறுத்திவைத்துத் துடைத்து, பால்ஸுக்குக் கிரீஸ் வைத்து, செயினுக்கு எண்ணெய் விடுவார். டிராக்டருக்குச் செய்த பணிவிடையை அவர் சைக்கிளுக்குச் செய்துகொண்டிருந்தார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

1984-இல் நான் கல்லூரியில் சேர விண்ணப்பம் எழுதினேன். தந்தையின் தொழில் என்ற இடம் வந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்தவர், "டிராக்டர் ஓட்டுநர்னு எழுதுப்பா" என்றார். "அது பழைய கதை அப்பா" என்று சொல்லிவிட்டுத் "தோட்டக் கூலி" என்று எழுதினேன். உண்மையைத்தான் எழுதினேன் என்ற எண்ணம் எனக்கு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்ச் சைக்கிளைத் துடைத்தார். அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஒரு சொல் இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

ஆசிரியப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, கொட்டகையில் கிடந்த சைக்கிளை டிராக்டரின் சாயலில் புதுப்பிப்பது என்று முடிவு செய்தேன். சாம்பல் வண்ணம், டிராக்டருக்கு உள்ளது போன்ற துளையிட்ட இரும்பு இருக்கை, அகன்ற மட்கார்டு, முகப்பில் கம்பி வலை, பக்கவாட்டில் ஒரு பொய்ப் புகைக்குழாய் எல்லாவற்றையும் தாளில் வரைந்துகொண்டு சைக்கிள் கடை அண்ணனிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கோட்டம் எடுப்பதில் அவருக்கு நிகர் எங்கள் வட்டாரத்தில் இல்லை. படத்தை நெடுநேரம் பார்த்தார். "வாத்தியாரே, இது ஓடுறதுக்கா, நிக்கிறதுக்கா?" என்று கேட்டார். என் படத்தின் பாதி அந்தக் கேள்வியிலேயே உதிர்ந்துவிட்டது.

டிராக்டரும் சைக்கிளும் தொடர்பற்றவை என்று நீங்கள் எண்ணலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். படிக்கப் படிக்க, இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்பது தெரியவந்தது. அமெரிக்காவின் ஜான் டியர் நிறுவனம் டிராக்டர் விற்பதற்கு முன்பே, 1890-களில், சைக்கிள் விற்றது. கனடாவில் உழவுக் கருவிகள் செய்த மாசி ஹாரிஸ் நிறுவனமும் அதே காலத்தில் சைக்கிள் செய்தது. 1899-இல் அப்பிரிவு வேறு சைக்கிள் நிறுவனங்களோடு இணைந்து தனி நிறுவனமாயிற்று. அயர்லாந்தில் ஹாரி ஃபெர்குசன் என்னும் உழவர் மகன் பெல்ஃபாஸ்ட் நகரில் தம் அண்ணன் நடத்திய பட்டறையில் காரும் சைக்கிளும் பழுதுபார்த்துத் தொழில் கற்றார். 1909-இல் தாமே கட்டிய விமானத்தில் பறந்தார். பின்னர் டிராக்டரின் போக்கையே மாற்றினார். அவர் பெயர் தாங்கிய சாம்பல் நிற டிராக்டர் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 5 லட்சத்துக்கும் மேல் உருவாயிற்று. 1953-இல் ஃபெர்குசன் நிறுவனமும் மாசி ஹாரிஸும் ஒன்றாயின. அவ்வழி வந்த மாசி ஃபெர்குசன் டிராக்டரைச் செய்வதற்கென்றே 1960-இல் சென்னையில் டாஃபே தொடங்கப்பட்டது. அதே சென்னையின் அம்பத்தூரில் 1949-இலேயே டி.ஐ. சைக்கிள்ஸ் தோன்றிப் பர்மிங்காமின் ஹெர்குலிஸைத் தமிழ்நாட்டுச் சைக்கிளாக்கியிருந்தது. என் தந்தையார் இழந்த வண்டியும் வாங்கிய வண்டியும் அவ்வளவு தூரத்து உறவினர் அல்ல.

வேலை தொடங்கிற்று. முதலில் துருவைச் சுரண்டினோம். பாரில் ஒரு நசுங்கல். பின்பக்கத்தில் ஒரு குழாய் லக்கிலிருந்து விட்டுப்போயிருந்தது. பிரேம் நேராக இருக்கிறதா என்று பார்க்க அண்ணன் கையாண்ட முறை எளியது. பின் அச்சு உட்காரும் ஒரு முனையிலிருந்து நூலை எடுத்து, முன்கழுத்தைச் சுற்றி மறுமுனைக்குக் கொண்டுவந்து கட்டினார். நடுக் குழாய்க்கும் நூலுக்கும் இரு பக்கமும் உள்ள இடைவெளியை அளந்தார். சமமாக இருந்தால் பிரேம் நேர். அரை விரற்கடை வேறுபாடு இருந்தது. கையாலேயே வளைத்துச் சரிசெய்தார்.

விட்டுப்போன மூட்டை ஒட்டுவதுதான் கடினமாயிற்று. பக்கத்துப் பட்டறையில் மின்வெல்டிங் இருந்தது. "அதுல வச்சா குழாய் ஓட்டையாயிடும்" என்று அண்ணன் தடுத்தார். சைக்கிள் குழாயின் சுவர் மிக மெல்லியது. எஃகு உருக ஏறக்குறைய 1,500 பாகை வெப்பம் வேண்டும். பித்தளைக்கு 900 பாகை போதும். கேஸ் தீயில் மூட்டைச் சிவக்கவைத்து, பித்தளைக் கம்பியைக் காட்டினால், அது உருகி, லக்குக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளிக்குள் தானாக இழுபட்டுப் பரவும். இரண்டு எஃகில் எதுவும் உருகுவதில்லை; இரண்டும் தத்தம் இயல்பிலேயே இருக்க, இணைப்பு உறுதிப்படுகிறது. கூடலூரில் இந்த வேலை தெரிந்த முதியவர் ஒருவரைக் கண்டுபிடித்து முடித்தோம். பழையதையும் புதியதையும் இணைக்க விரும்பும் கவிஞர்கள் ஒருமுறையேனும் அந்தப் பித்தளை ஓடுவதைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, டிராக்டரின் சாயல். புகைக்குழாய் போயிற்று, கம்பி வலை போயிற்று. இரும்பு இருக்கையில் ஒருமுறை அமர்ந்து பார்த்தேன், அதுவும் போயிற்று, ஸ்பிரிங் வைத்த பழைய தோல் சீட்டே மீண்டும் ஏறியது. அப்படியானால் டிராக்டர் எங்கே என்று கேட்டேன். "டிராக்டருக்கு வேலை என்ன வாத்தியாரே? இழுக்கிறதுதானே?" என்றார் அண்ணன். அதுவரை நான் டிராக்டரின் தோற்றத்தைச் செய்ய முயன்றேன்; அவர் அதன் தொழிலைக் கேட்டார்.

எனவே, இழுப்பதற்கான சைக்கிளாக அதை மாற்றினோம். முன்னால் 44 பற்களும் பின்னால் 18 பற்களும் இருந்தன. பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் ஓடும். சமவெளிக்கு அது சரி. பின்னால் 22 பற்கள் கொண்ட ஃபிரீவீல் மாட்டினோம். ஒரு சுற்றுக்கு நாலரை மீட்டர்தான். வேகம் குறைந்தது, காலுக்குப் பாரம் குறைந்தது. பின்பக்கம் ஒரு சிறு இழுவண்டி. அதற்குக் குழந்தைகள் சைக்கிளின் இரண்டு சக்கரங்கள் உதவின.

இழுவண்டியைக் கேரியரில் மாட்டலாம் என்றேன். அங்கேதான் ஃபெர்குசன் கை கொடுத்தார். பழைய டிராக்டர்களில் ஏர் பாறையில் சிக்கினால் முன்சக்கரம் எழும்பி, வண்டி ஓட்டுநர் மேலேயே கவிழ்ந்துவிடுவது உண்டு. ஃபெர்குசன் ஏரை மூன்று புள்ளிகளில் பிணைத்தார். மண்ணின் இழுவை டிராக்டரைக் கவிழ்ப்பதற்கு மாறாக அதன் சக்கரங்களை நிலத்தோடு அழுத்தும்படி செய்தார். சுமை வண்டிக்குப் பகையாகாமல் பிடிமானமாயிற்று. அவர் செய்த அமைப்பைச் சைக்கிளில் செய்ய இயலாது. ஆனால் கொக்கியை உயரத்தில் வைக்கக் கூடாது என்ற பாடம் எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. கேரியரை விட்டுவிட்டுப் பின் அச்சின் மட்டத்தில் மாட்டினோம். மேட்டில் சுமை பின்னிழுத்தபோதும் முன்சக்கரம் தரையிலேயே நின்றது.

பிரேக்கை மட்டும் வெல்ல முடியவில்லை. மழையில் நனைந்த இரும்பு ரிம்மைக் கம்பிப் பிரேக் பற்றாது. ஆகவே இறக்கத்தில் நானும் தந்தையாரைப் போலவே இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வருகிறேன்.

எஞ்சியது வண்ணம். கடையில் வாங்கிய சாம்பல் எனாமலை ஒரு தகரத்தில் பூசி அம்மாவிடம் காட்டினேன். எண்பதைத் தாண்டியவர். "இது இல்லப்பா, கறுப்பு கூடிப் போச்சு" என்றார். வெள்ளை கலந்தேன். "இது சாணிச் சாம்பலு" என்றார். நான்காம் முறை ஒரு துளி நீலம் சேர்த்தபோது தகரத்தைக் கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, நான் கேளாமலே சொன்னார்: "சாவியக் குடுக்கிற அன்னிக்கு, விடிய முந்தி எந்திரிச்சு வண்டியக் கழுவிட்டுத்தான் குடுத்தாரு. யாரும் கழுவச் சொல்லல."

இந்தச் செய்தி எங்கள் வீட்டில் அரை நூற்றாண்டாக இருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. ஒரு வண்ணத்தைச் சரியாகக் கலக்க வேண்டியிருந்ததால் அது வெளியே வந்தது.

செயின் கவரில் பெயர் எழுத ஓவியரை அழைத்தேன். என்ன எழுதட்டும் என்றார். தந்தையாரின் பெயரை எழுதச் சொன்னேன். அதற்குக் கீழே "டிராக்டர் ஓட்டுநர்" என்று எழுதச் சொன்னேன். விண்ணப்பத்தில் எழுதியதை அழிக்க முடியாது. ஆயினும் எழுத வேண்டியதை எழுதியாயிற்று.

நண்பர்களே, இவ்வட்டத்தில் பத்தாண்டுகளாக மரபா புதுமையா என்று வாதிட்டு வருகிறோம். அந்த வாதம் தொடரட்டும். நான் வேண்டுவது ஒன்றே. நம் முன்னோரின் வாழ்வை எழுதும்போது பொய்ப் புகைக்குழாயை மாட்டிவிடாதிருப்போம். அவர்கள் எதை இழுத்தார்கள், எவ்வளவு சுமை, எந்த மேட்டில் என்பதைக் கேட்டு எழுதுவோம். கேட்பதற்கு உரியவர்கள் நம் வீடுகளில் இன்னும் சிலரே இருக்கிறார்கள். விழா முடிந்து வீடு திரும்பும் இன்றிரவே கேளுங்கள்.

சைக்கிள் வாசலில்தான் நிற்கிறது. கூட்டத்திற்கான தேநீர்ப் பாத்திரம் அதில்தான் வந்தது. இழுத்துப் பார்க்க விரும்புவோர் இழுத்துப் பார்க்கலாம்.