நம் லொக் விளக்கு சொன்ன சாட்சி



கண்டி நகரில் ஒரு டியூஷன் மண்டபம். கணினி பின்னறையில் இருக்கிறது. ஆசிரியர் முன்னால் மேடையில் நிற்கிறார். அவருடைய மேசையில் ஒரு திரை, கீபோர்ட், மவுஸ் மட்டும். நடுவே கூரையோரமாக ஓடுவது ஒரே ஒரு லேன் வயர். அதன் இரண்டு முனையிலும் உள்ளங்கையளவு பெட்டி ஒவ்வொன்று. கே.வி.எம். எக்ஸ்டெண்டர் என்பது இதுதான். சாதாரண யூ.எஸ்.பி. வயர் 5 மீற்றரைத் தாண்டினால் மவுஸை நம்ப முடியாது. அதற்காக வந்த ஏற்பாடு.

ஒரு ஞாயிறு காலை அங்கிருந்து அழைப்பு. திரை இருட்டு. நான் போய்ச் சேர்வதற்குள் பெட்டி செத்துவிட்டதென்று தீர்ப்புச் சொல்லி, புதியது வாங்கக் காசும் எடுத்து வைத்திருந்தார்கள்.

நான் பெட்டியைத் தொடவில்லை. மேடையிலிருந்த கீபோர்டில் நம் லொக் (Num Lock) விசையை அழுத்தினேன். விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினேன், அணைந்தது. அந்த விளக்கைக் கீபோர்ட் தானாக ஏற்றுவதில்லை. விசையின் செய்தி கணினிவரை போய், கணினி "ஏற்று" என்று பதில் அனுப்பினால்தான் அது எரியும். அப்படியானால் வயர் உயிரோடிருக்கிறது, பெட்டிகளும் பேசிக்கொள்கின்றன, கணினியும் விழித்திருக்கிறது. கெட்டது படம் போகும் வழி மட்டும். சில எக்ஸ்டெண்டர்கள் விளக்கைத் தாங்களே ஏற்றி ஏமாற்றுவதுண்டு. ஆனாலும் முதல் சோதனை இதுதான், செலவும் இல்லை.

பிறகு விசாரித்தேன். முதல் நாள் இரவு கரண்ட் போய் வந்திருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் மின்வெட்டை அனுபவித்த நமக்கு இதொன்றும் புதிதல்ல. ஆனால் கரண்ட் திரும்பும்போது எல்லாம் ஒரே நேரத்தில் விழிப்பதில்லை. கணினி எழும்பும்போது, "எந்த அளவில் படம் தரட்டும்?" என்று திரையைக் கேட்கும். அந்தப் பதிலுக்கு ஈ.டி.ஐ.டி. என்று பெயர். திரை இன்னும் தூக்கத்தில் இருந்தால் பதில் வராது. கணினி படத்தையே அனுப்பாமல் விடும், அல்லது மங்கலான பழைய அளவில் அனுப்பும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, முதலில் திரை, பிறகு இரண்டு பெட்டிகள், கடைசியில் கணினி என்று வரிசையாகப் போட்டேன். படம் வந்தது. எடுத்து வைத்த காசு மேசைக்குள் திரும்பிப் போனது.

இரண்டு மாதம் கழித்து அதே மண்டபத்தில் வேறு கோளாறு. படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மின்னின. இடையில் யாரோ வயரை வெட்டிப் புது முனை போட்டிருந்தார்கள். "சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் எரிகிறதே!" என்று வாதம் வேறு. லேன் வயருக்குள் இருப்பது எட்டுக் கம்பி என்றாலும், அவை இரண்டிரண்டாய் முறுக்கிய நான்கு சோடிகள். வெளியிரைச்சலை அடக்குவது அந்த முறுக்குத்தான். பிளக்கின் 3ஆம், 6ஆம் இடங்களுக்கு ஒரே முறுக்கின் கம்பிகள் போக வேண்டும். முனை போட்டவரோ நிறங்களை அழகாக வரிசையில் அடுக்கிவிட்டார். எட்டும் இணைந்தன, சோடி பிரிந்தது. மலிவுக் கருவிக்கு அது தெரியாது, படத்துக்குத் தெரியும். வெட்டிய முனையில் இன்னொன்றும் கண்டேன்: கம்பியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம். செம்பு பூசிய அலுமினியம்! தூர ஓட்டத்துக்கு அதை நான் வாங்கவே மாட்டேன்.

மவுஸ் மட்டும் துள்ளுகிறதா? வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவருக்குப் பக்கத்தில் யூ.எஸ்.பி. 3 டிரைவ் ஏதும் செருகியிருக்கிறதா பாருங்கள். அதன் இரைச்சல் மவுஸின் அலைவரிசையிலேயே விழும். இன்னொரு விடயம், இந்தச் சாதாரண எக்ஸ்டெண்டர்கள் லேன் வயரைப் பாவித்தாலும் லேன் மொழி பேசுவதில்லை. நடுவில் நெட்வேர்க் சுவிட்ச் வைத்தால் வேலை செய்யாது.

மார்ச், ஏப்ரல் பின்னேரங்களில் ஹந்தானை மலைப் பக்கம் இடி உறுமத் தொடங்கியதும் நாம் ரீவியின் பிளக்கைக் கழற்றுவோம். அந்த மண்டபத்தில் இப்போது கூரையோர வயரின் இரு முனைகளையும் கழற்றி விடுகிறார்கள். நீண்ட உலோகக் கம்பி மின்னலின் அதிர்வைப் பிடித்துப் பெட்டிக்குள் கொண்டுபோய்விடும். கழற்றியதைத் திரும்பச் செருக மறந்துவிட்டு, திங்கள் காலை எனக்கு அழைப்பு எடுப்பதும் நடக்கிறது.