சிறிய கப்பியும் பெரிய வேகமும்

மும்பை மாநகரில் வடாலாவை அடுத்து ஆண்டாப் ஹில் என்னும் பகுதி உள்ளது. மத்திய அரசு ஊழியர் குடியிருப்பும் நெருக்கமான தெருக்களும் கொண்ட அவ்விடத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அங்கே திருநெல்வேலிப் பெரியவர் ஒருவரின் மோட்டார்ப் பட்டறையில் நான் கண்ட காட்சி ஒன்றைச் சொல்கிறேன்.

இளைஞர் ஒருவர் பழைய மெர்சிடிஸ் காரொன்றைக் கொணர்ந்தார். அதன் பின்புறத்தில் 'கொம்ப்ரெஸ்ஸர்' என்று பொறித்திருந்தது. அவருடைய ஐந்தாண்டுச் சேமிப்பு முழுவதும் அந்த வண்டியில் அடங்கியிருந்ததாம். கையிலே ஒரு சிறிய கப்பி. "அண்ணாச்சி, இதை மாட்டிவிட்டால் வண்டி பறக்குமாமே!" என்றார்.

சூப்பர்சார்ஜர் என்பது காற்றை அமுக்கி யந்திரத்துக்குள் செலுத்தும் ஊதுகருவி. 1920-களிலேயே மெர்சிடிஸ் கார்களில் அதனைப் பொருத்தி விற்றனர். இக்கருவிக்குத் தனி விசை கிடையாது. கிராங்குத் தண்டிலுள்ள கப்பி, பெல்ட்டின் வழியாக இதன் கப்பியைச் சுழற்றுகிறது. முன்னதன் விட்டம் 6 அங்குலம், பின்னதன் விட்டம் 3 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். யந்திரம் நிமிஷத்துக்கு 6,000 சுற்றுச் சுழன்றால் ஊதுகருவி 12,000 சுற்றுச் சுழலும். 3 அங்குலக் கப்பியை நீக்கி இரண்டரை அங்குலக் கப்பியை மாட்டினாலோ, 14,400 சுற்றாகிவிடும். காற்று மிகும், அதற்கேற்பப் பெட்ரோல் எரிந்தால் ஆற்றலும் மிகும். கணக்கு இவ்வளவு எளிது.

பெரியவர் மறுக்கவில்லை. மூன்று கேள்விகள் மட்டும் கேட்டார். "தம்பி, அமுக்கிய காற்று சூடேறுமே, இருக்கிற தணிப்புக் கருவி அதற்குப் போதுமா? கூடுதல் காற்றுக்கு ஈடாகப் பெட்ரோல் ஊட்டும்படி வண்டியின் கணினியைத் திருத்தினீர்களா? சிறிய கப்பியைப் பெல்ட் பற்றும் இடம் குறைவு, வழுக்காதா?"

மூன்றும் பொருள் பொதிந்த கேள்விகள். சூடேறிய கலவை, தீப்பொறியின் சுடர் பரவி வந்து சேருமுன்னே தானாக வெடித்துவிடக் கூடும். பட்டறையார் 'நாக்கிங்' என்பது இதுவே. தொடர்ந்து விழும் அந்த அடி பிஸ்டனையே உடைத்துவிடும். மும்பையின் கோடைக் காற்றோ உள்ளே புகுமுன்னரே சூடானது. பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தாலும் இதே அபாயம்தான். கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தி யந்திரத்தைக் காக்க முயலும். அப்போது கப்பியால் பெற்ற ஆற்றலில் ஒரு பகுதி கரைந்துபோகும். பெல்ட் வழுக்கினால் எதிர்பார்த்த காற்றும் வாராது, பெல்ட்டும் தேயும்.

இளைஞரிடம் விடையில்லை. பெரியவர் கப்பியைத் தாளில் சுற்றி அவரிடமே தந்தார். "முதலில் சூட்டைத் தணியுங்கள், அடுத்துப் பெட்ரோலைச் சரிசெய்யுங்கள், கப்பி கடைசியில்" என்றார். அன்றைய கூலி அவருக்குக் கிடைக்கவில்லை. ஊர்விட்டு ஊர் வந்து பிழைப்பவருக்கு அது சிறு தொகையன்று. ஆயினும் ஓர் இளைஞரின் ஐந்தாண்டு உழைப்பு அன்று தப்பியது.

மூன்று மாதம் கழித்து அதே காரை அதே பட்டறை வாசலில் கண்டேன். பெரியவர் சொன்ன வரிசைப்படியே வேலை நடந்துகொண்டிருந்தது.