லட்சத்தில் ஒரு பங்கு



திருவனந்தபுரத்துக் கரமனைத் தெருவில் நின்று ‘பத்மநாபா’ என்று கூப்பிட்டால் நாலு வீட்டிலிருந்தாவது ஆள் எட்டிப் பார்க்கும். ஊரின் பத்மநாபசுவாமி கோயில் அப்படி. நான் பேச வந்திருப்பது இயற்பியலாளர் தாணு பத்மநாபனைப் பற்றி. 1957இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். இங்கே யூனிவர்சிட்டி காலேஜில் பி.எஸ்ஸி. படிக்கும்போதே பொதுச் சார்பியலில் ஆய்வுக் கட்டுரை எழுதியவர். பிறகு மும்பை டாட்டா ஆய்வு நிறுவனம், 1992 முதல் புனேயின் ஐயூக்கா வானியல் மையம், 2021 செப்டம்பரில் மறைவு.

அவர் கைவைத்த ஒரு சிக்கலைச் சொல்கிறேன். பிறந்த கணத்திலேயே பிரபஞ்சம் மளமளவென்று பெருத்தது என்று 1981இல் ஆலன் கூத் எழுதினார். வானம் எத்திசையிலும் ஏன் ஒரே வெப்பநிலையில் இருக்கிறது என்பதற்கு இந்தப் பெருவீக்கம் விடை தந்தது. ஆனால் முழுக்க வழவழப்பாகிவிட்டால் கேலக்ஸி ஏது, நாம் ஏது? 1982 கோடையில் கேம்பிரிட்ஜில் ஹாக்கிங், ஸ்டாரோபின்ஸ்கி, கூத் முதலானோர் கூடிக் கணக்குப் போட்டார்கள். வெற்றிடத்தின் குவாண்டம் சலனங்களைப் பெருவீக்கமே இழுத்து நீட்டி, அடர்த்தி ஏற்றத்தாழ்வுகளாக்கிவிடும் என்று தெரிந்தது. வித்து கிடைத்தது, அளவுதான் உதைத்தது. வேண்டியது ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு. கரமனையாறு ஒரு கிலோமீட்டர் ஆழம் என்றால், மேலே ஒரு சென்டிமீட்டர் அலை. கையிலிருந்த மாதிரிகள் தந்ததோ பல மடங்கு பெரிய அலை. அதை அடக்க, பெருவீக்கத்தை இயக்கும் புலத்தின் இடைவினை எண்ணை லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுக்குக் கையால் குறைக்க வேண்டியிருந்தது. இயற்பியலாளருக்குக் கூச்சம் தரும் வேலை இது.

1988இல் பத்மநாபன் வேறு வழி காட்டினார். பெருவீக்கத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள்: இன்றைய கேலக்ஸியின் மூலச் சலனம் பிளாங்க் நீளத்துக்கும் கீழே போய்விடும். ஒரு சென்டிமீட்டரை முப்பத்துமூன்று முறை பத்தால் வகுத்தால் ஏறக்குறைய வரும் நீளம் அது. அதைவிடச் சிறிய நீளத்தை ஈர்ப்பின் குவாண்டம் இயல்பே அனுமதிக்காது என்று கொண்டால், சலனங்கள் தாமாகவே அடங்குகின்றன. மறுவருடம் டி.ஆர். சேஷாத்ரி, டி.பி. சிங் இருவரோடும் சேர்ந்து இதை விரித்தெழுதினார்.

2001ஐ ஒட்டி பிளாங்க் நீளத்துக்குக் கீழுள்ள இயற்பியல் இந்தச் சலனங்களில் தடம் விடுமா என்ற கேள்வி உலகெங்கும் சூடுபிடித்தது. தொடக்கப் பிரபஞ்சத்தின் எச்ச ஒளியான நுண்ணலைப் பின்னணியை நுட்பமாக அளந்தால் பிளாங்க் நீளத்து இயற்பியலே புலப்படும் என்ற ஆசை பரவியது. 2005இல் பத்மநாபனும் அவரிடம் பயின்ற எல். ஸ்ரீராம்குமாரும் அந்த ஆசைக்கு எல்லை கட்டினார்கள். ஏற்றத்தாழ்வுகளின் எந்த வரைகோட்டைக் காட்டினாலும், பிளாங்க் நீளத் திருத்தம் ஏதும் இல்லாத வழக்கமான கொள்கையைத் தொடாமல், தொடக்கக் குவாண்டம் நிலையை மட்டும் மாற்றி அதையே அச்சாக வரவழைக்கலாம் என்று நிறுவினார்கள். ஆகவே அளவீடு அதிகம்போனால் தொடக்க நிலையைச் சொல்லும்; பிளாங்க் நீளத்து மாதிரிகளில் எது சரி என்று சொல்லாது.

1988, 2005 கட்டுரைகள் இரண்டில் எனக்கு உயர்வாகப் படுவது பின்னதுதான். 1988இன் மாதிரிக்கும் இந்தத் தடை பொருந்தும் என்றே நான் வாசிக்கிறேன்.