வைகாசி வெயிலில் வெயிஸ்ட் கோட் எதற்கு?

இன்றைக்கு டக்சீடோ. நம்ம ஊர் வெயிலுக்கு டக்சீடோவா என்று சிரிக்காதீர்கள். ஆவடி, பட்டாபிராம், முத்தாபுதுப்பேட்டை வட்டாரத்தில் ஏதாவது ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போய்ப் பாருங்கள். விடிந்தால் முகூர்த்தம், பட்டு வேட்டி. முந்தின நாள் சாயங்காலமோ கறுப்புக் கோட்டு, பளபளக்கும் காலர், கழுத்தில் போ டை. கோட்டுக்குள்ளே ஒரு வெயிஸ்ட் கோட் வேறு. பந்தல் விளக்குகளும் வீடியோ லைட்டும் சேர்ந்து எரிக்க, மாப்பிள்ளை கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துத் துடைத்துப் போட்டோவுக்குச் சிரிக்கிறார்.

அந்த வெயிஸ்ட் கோட்டைக் கழற்றுவதற்கு இந்த மண்ணிலேயே ஒரு வழி கண்டுபிடித்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகிறது. அதன் பெயர் கம்மர்பண்ட். இடுப்பைச் சுற்றிக் கட்டும் அகலமான பட்டுப் பட்டி.

முத்தாபுதுப்பேட்டைக்காரர்களுக்கு இது அன்னியமான பொருள் இல்லை. ஊரின் அடையாளமே விமானப்படை நிலையம்தான். படை அதிகாரிகள் மெஸ்ஸில் சம்பிரதாய விருந்துக்கு உட்காரும்போது போடும் உடுப்பு தனி: இடுப்போடு நிற்கிற குட்டைக் கோட்டு, போ டை, கம்மர்பண்ட். தரைப்படையில் பட்டியின் நிறம் ரெஜிமெண்டுக்கு ரெஜிமெண்டு மாறும். பக்கத்திலேயே ஆவடியில், 1961இல் தொடங்கிய படையுடைத் தொழிற்சாலை இருக்கிறது. 2021 அக்டோபரில் அரசு படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபோது, அது ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் என்ற நிறுவனத்தின் கீழ் போனது. ஆக, சீருடை என்றால் என்ன என்று இந்த வட்டாரத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இப்போது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் போவோம். மின்விசிறி கிடையாது. மேலே தொங்கும் பங்காவை வெளியே உட்கார்ந்து ஒருவர் கயிறு பிடித்து இழுக்க வேண்டும். அந்தப் புழுக்கத்திலும் ஆங்கிலேய அதிகாரி இரவு உணவுக்கு முழு உடுப்பில் வந்தாக வேண்டும். வெயிஸ்ட் கோட் இல்லாமல் வருவது மரியாதைக் குறைவு. ஆனால் சுற்றிலும் இருந்த இந்தியர்களின் இடுப்பில் அவர் தினம் பார்த்தது கமர்பந்து. முகலாய அரசவை ஓவியங்களில் பாதிப் பேர் இடுப்பில் இருப்பதும் அதுதான். வெயிஸ்ட் கோட்டுக்குப் பதிலாக அதைச் சுற்றிக்கொண்டார்கள். பெயரைக்கூட மாற்றவில்லை, நாக்கு திரும்பிய மட்டும் கம்மர்பண்ட் ஆக்கிக்கொண்டார்கள்.

ஏன் பொருந்தியது என்பதுதான் ருசியான விஷயம். விருந்து உடுப்பில் வெயிஸ்ட் கோட்டுக்கு ஒரே வேலைதான்: சட்டையும் பேண்ட்டும் சந்திக்கிற இடத்தை மறைப்பது. அந்த வேலைக்கு மார்பு முழுக்க இன்னொரு துணி எதற்கு? ஒரு சாண் பட்டி போதும். அதே சூட்டில் கப்பல்காரர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். செங்கடல் வழியே போகும் கப்பல்களில் கோட்டையே கழற்றிவிட்டு, வெறும் சட்டையும் கம்மர்பண்டுமாக விருந்துக்கு உட்காரலாம் என்று ஒரு வழக்கம் வந்தது. ‘ரெட் சீ ரிக்’ என்று கடற்படைக்காரர்கள் இன்றும் சொல்வது அதைத்தான்.

கோட்டின் கதை தனி, அதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். லண்டன் சாவில் ரோவில் உள்ள ஹென்றி பூல் தையலகம், 1865இல் வேல்ஸ் இளவரசருக்கு, அதாவது பின்னாளைய ஏழாம் எட்வர்டுக்கு, வால் இல்லாத குட்டைக் கோட்டு தைத்ததாகச் சொல்கிறது. 1886இல் நியூயார்க் அருகே டக்சீடோ பார்க் என்ற பணக்காரக் குடியிருப்பு உருவானது. அங்கிருந்தவர்கள் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொள்ள, அமெரிக்காவில் ஊர்ப் பெயரே உடுப்பின் பெயராகிவிட்டது. 1930களில் ராணுவ மெஸ் கோட்டே அமெரிக்கப் பணக்காரர்களின் கோடைக்கால மோகமானது. ஹோட்டல் சிப்பந்திகளும் பேண்டு வாத்தியக்காரர்களும் அதையே போடத் தொடங்கியதும் துரைமார்கள் அவசரமாகக் கழற்றி வைத்துவிட்டார்கள். கோட்டு போனது, கம்மர்பண்ட் மட்டும் தங்கிவிட்டது.

நம் பக்கம் இடுப்புத் துணிக்கு வேறொரு சரித்திரமும் உண்டு. போர்வீரன் கட்டினால் கச்சை, வீரத்தின் அடையாளம். மிராசுதார் முன்னால் நிற்கிறவர் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினால் அது பணிவு. பல நேரம் கட்டாயப் பணிவு. கலெக்டர் ஆபீஸ் டவாலி வெள்ளை உடுப்பின் மேல் கட்டும் சிவப்புப் பட்டை சேவகத்தின் அடையாளம். அதே இடுப்பில் வெள்ளைக்கார கர்னல் கட்டியதும் அது கனவான் உடுப்பு. தோளில் துண்டு போடவே நாயனக்காரர்கள் தயங்க வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. அந்த வழியில் வந்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கிராப்பும் ஷெர்வானியுமாக மேடையில் உட்கார்ந்தது வெறும் அலங்காரம் இல்லை.

உடுப்பை வைத்து மரியாதையை அளக்கும் இந்தச் சண்டை ரொம்பப் பழசும் இல்லை. 2014 ஜூலையில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே தமிழக சட்டமன்றம் வேட்டிக்கு ஆதரவாகச் சட்டம் இயற்றியது. 2024இல் கடற்படை தன் மெஸ்களில் குர்தா பைஜாமாவை அனுமதித்தது. ஆக, டக்சீடோ போட்டே தீர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆசைப்பட்டுப் போடுகிறவர்களுக்குத்தான் மீதிப் பேச்சு.

இந்த உடுப்பில் ஒவ்வொரு அணியும் எதையோ மறைக்கத்தான் இருக்கிறது. போ டை காலர் பட்டனை மறைக்கிறது. பேண்ட்டின் பக்கத்துத் தையலை மறைக்கத்தான் அந்தப் பட்டு நாடா. சட்டையில் சாதாரண பட்டன் தெரியக் கூடாதென்று கறுப்புக் குமிழ்கள், கைமடிப்பில் கஃப்லிங்க். இடுப்பை மறைக்கக் கம்மர்பண்ட் அல்லது வெயிஸ்ட் கோட், இரண்டில் ஒன்றுதான். எங்கள் முகூர்த்த மாதங்களுக்கு என் ஓட்டு எதற்கென்று உங்களுக்கே தெரியும்.

கம்மர்பண்டைக் கட்டும்போது அதன் கொசுவம் மேல்நோக்கித் திறந்திருக்க வேண்டும். நாடக டிக்கெட் செருகத்தான் அப்படி என்று ஒரு கதை சொல்கிறார்கள்; எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. போ டையின் துணி கோட்டுக் காலரின் துணியோடு சேர வேண்டும்: காலர் சாட்டின் என்றால் டையும் சாட்டின். மணப்பெண் புடவை நிறத்தில் டையையும் கம்மர்பண்டையும் தைக்கச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. ரெஜிமெண்டுகளே ஆளுக்கொரு நிறம் வைத்திருக்கும்போது மாப்பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் சிவப்பு டை, சிவப்புப் பட்டி, சிவப்புக் கர்சீப், மேலே கல் பதித்த ப்ரோச் என்று எல்லாம் சேர்ந்தால் கொஞ்சம் அதிகம். கர்சீப்பை வெள்ளையாக வைத்து, ப்ரோச்சைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாகப் பெல்ட். டக்சீடோ பேண்ட்டுக்குப் பெல்ட் கிடையாது, உள்ளே சஸ்பெண்டர்தான். வாடகைக் கடையில் தரும் பேண்ட்டில் பெரும்பாலும் பெல்ட் லூப் இருக்கும். பெல்ட் போட்டு மேலே கம்மர்பண்ட் கட்டினால் வயிற்றில் பக்கிள் துருத்திக்கொண்டு நிற்கும். கோட்டு எடுக்கும்போதே இடுப்பளவு சரிபார்த்து, தளர்ந்தால் அங்கேயே இரண்டு தையல் போடச் சொல்லுங்கள். லூப்பைக் கம்மர்பண்ட் மறைத்துவிடும்.