கக்கின பிள்ளை தக்குமா?

(விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

 

‘கக்கின பிள்ளை தக்கும்’ என்பது தமிழர் இல்லங்களில் வழங்கும் முதுமொழி. பாலுண்ட மகவு சிறிது எதுக்களித்துவிட்டுச் சிரித்து விளையாடுவது இயல்பே. அத்தகைய பிள்ளை எடை கூடி வளரும். ஆயின், அரிதாகச் சில குழந்தைகளிடத்து அவ்வாந்தியே நோயின் அறிகுறியாக அமைகிறது. அவ்வகை நோய்களுள் ஒன்று இரைப்பையின் பிறவி நீர்க்கட்டி.

கருவில் உணவுப்பாதை உருவாகும்போதே இரைப்பையை ஒட்டி மற்றொரு பை தோன்றிவிடுவதுண்டு. அதற்கும் தசைச்சுவர் உண்டு. உள்ளே நீர் சுரக்கும் படலமும் உண்டு. பெரும்பாலும் இரைப்பைக்குள் திறக்கும் வழி மட்டும் இராது. ஆகவே சுரக்கும் நீர் தேங்கித் தேங்கிப் பை பருக்கிறது. பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் வில்லியம் லாட், பல பெயர்களால் வழங்கிய இத்தகைய கட்டிகளை 1937இல் ‘இரட்டிப்பு’ என்னும் ஒரே பெயரின்கீழ்க் கொணர்ந்தார். உணவுப்பாதை இரட்டிப்புகளே அரியவை. அவற்றுள்ளும் இரைப்பைக்குரியவை மிகச் சில.

கட்டி இரைப்பையின் கீழ்வாயிலை நெருக்கினால் பால் குடலுக்கு இறங்காது. உண்ட பால் அப்படியே வெளிவரும், எடை குறையும், மேல்வயிற்றில் ஒரு திரட்சி கைக்குத் தட்டுப்படலாம். கீழ்வாயில் தசை தடித்து உண்டாகும் வேறொரு நோயும் இவ்வாறே தோன்றும். ஐயம் தீர்க்கப் பெரிதும் உதவுவது ஸ்கேன் பரிசோதனை. கட்டியின் சுவர் இரண்டு அடுக்காக அதில் புலப்படும். அறுவை முறையில் அகற்றுவதே இதற்குத் தீர்வு. காலம் தாழ்த்தின் புண், குருதிக் கசிவு, துளை முதலியன நேரலாம்.

இங்குத் தாயின் துயரையும் எண்ணுதல் தகும். குழந்தை ஓயாது கக்கினால், ‘பத்தியம் காக்கவில்லை, பால் சேரவில்லை’ என்று பழி அவள்மேல் விழுகிறது. கருவின் தொடக்க வாரங்களிலேயே அமைந்துவிட்ட கட்டிக்கு அவள் உண்ட உணவு எங்ஙனம் காரணமாகும்? பழிச்சொல் தாயை வாட்டும்; வசம்பு உரைத்து ஊற்றி நாள் கடத்துவதோ சேயை வாட்டும்.

ஆதலின், பாலுண்ட போதெல்லாம் பீறிட்டு வாந்தி வருதல், எடை கூடாமை, சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் அன்றே மருத்துவரை நாடுக. வாந்தியில் பச்சை நிறமோ குருதியோ தோன்றின் ஒரு நாழிகையும் தாழ்த்தற்க. முதுமொழி தரும் ஆறுதல் வளரும் பிள்ளைக்கே உரியது. வாடும் பிள்ளைக்கு வேண்டுவது விரைவு.