இலவசமும் காலமும்

ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையைச் சூழும் அலைகளை அசைபடமாக்க விழையும் இளைஞரொருவர், ஒளியும் நிழலும் கணித்துப் படமாக்கும் பிக்சாரின் 'ரெண்டர்மேன்' மென்பொருளை நாடுகின்றார் எனக் கொள்வோம். 1995இல் 'டாய் ஸ்டோரி' அதனாலேயே உருப்பெற்றது. 2015 முதல் வணிக நோக்கில்லாதார்க்கு அது இலவசம்.

ஆயின், காலம் இலவசமன்று. விநாடிக்கு 24 படங்கள் வேண்டும். படமொன்றுக்குப் பத்து நிமிடமெனில், ஒரு விநாடிக் காட்சிக்கு நான்கு மணி நேரம். ஒரு நிமிடத்துக்குப் பத்து நாள்! இடையில் மின்சாரம் நின்றால் கேட்கவே வேண்டாம். பெருநிறுவனங்கள் இவ்வேலையைப் பல நூறு கணனிகளுக்குப் பகிர்ந்தளிக்கும். வீட்டிலோ ஒன்றே உண்டு. ஆகவே அவர் தடுமாறுவது திறமைக் குறைவாலன்று.

லத்வியாவின் கின்ட்ஸ் சில்பலோடிஸ் இயக்கிய 'ஃப்ளோ', பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளின் விரைவு முறையில், சில விநாடிகளுக்கொரு படமாக உருவாகி, 2025இல் ஓஸ்கார் பெற்றது. நம் கடற்கோட்டை அலைகளுக்கும் அம்முறை போதுமென்பேன்.